விருந்தாளிகள் இல்லாத விருந்து: ட்ரீம் தியேட்டர், லண்டன், 1995

ட்ரீம் தியேட்டர் 1995 செப்டம்பரில் வெளியிட்ட 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்' இ.பி.யை நம்மில் பலர் அந்த 23 நிமிடத் தலைப்புப் பாட்டுக்காகத்தான் வாங்கினோம். அதற்குப் பின்னால் வரும் நான்கு கவர் பாடல்களை போனஸ் மாதிரி கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டோம். அந்த நான்கும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் கதை வேறு.

1995 ஜனவரி 31, லண்டன் சோஹோவில் ரானி ஸ்காட்ஸ் கிளப். 1959 முதல் இயங்கும் ஜாஸ் கிளப், சின்ன இடம். அங்கே ஒரு ப்ராக்ரசிவ் மெட்டல் குழு அடுத்தவர் பாட்டுகளை மட்டும் வாசிக்கும் தனிக் கச்சேரி. மாரில்லியனிலிருந்து ஸ்டீவ் ஹோகார்த்தும் ஸ்டீவ் ராத்தரியும், நேபாம் டெத்திலிருந்து பார்னி கிரீன்வேயும், யெஸ் குழுவின் ஸ்டீவ் ஹவ்வும் விருந்தாளிகள். ஆனால் இ.பி.யில் இவர்களில் ஒருவர்கூட இல்லை! விருந்தாளிகள் வந்த பாட்டுகளை எல்லாம் விட்டுவிட்டு, குழு தனியாக வாசித்ததைத்தான் போட்டார்கள். என் புகார் இதுதான். கச்சேரியின் சாரமே அவர்கள் விட்டதில்தான் இருந்தது.

முதலில் போட்டதைப் பார்ப்போம். எல்டன் ஜானின் 'ஃப்யூனரல் ஃபார் எ ஃப்ரெண்ட்' நல்ல தேர்வு. கெவின் மூர் விலகிய இடத்துக்கு டெரெக் ஷெரினியன் அப்போதுதான் வந்திருந்தார். நீளமான கீபோர்டு முன்னிசையோடு தொடங்கும் பாட்டைக் கொடுத்துப் புது ஆளை அறிமுகப்படுத்துவது கெட்டிக்காரத்தனம். டீப் பர்ப்பிளின் 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' கனமாக, கச்சிதமாக வந்திருக்கிறது. லெட் செப்பலின் பாட்டுகள் மூன்றைக் கோத்ததில்தான் இடறுகிறது. மைக் போர்ட்னாய் ஒரு அடியும் தப்பாமல் வாசிக்கிறார், ஆனால் ஜான் பானமின் அந்தச் சற்றே பின்வாங்கிய, சோம்பலான அசைவு இல்லை. சரியாக வாசித்துத் தோற்பது என்று ஒன்று உண்டுங்க.

'தி பிக் மெட்லி' இன்னும் மோசம். பத்தரை நிமிடத்துக்குள் பிங்க் ஃப்ளாய்ட், கான்சாஸ், குயின், ஜர்னி, டிக்சி ட்ரெக்ஸ், ஜெனசிஸ். எங்க மாதவரத்தில் ஆடி மாசக் கோவில் திருவிழாவில் மெல்லிசைக் குழு கடைசி அரை மணியில் பல்லவி பல்லவியாகத் தாவுமே, அதே கதை. ஜனம் அடையாளம் கண்டு கைதட்டும். பாட்டு நடக்காது. என்ன ஒன்று, மெல்லிசைக் குழுவுக்கு அது பிழைப்பு. இவர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

இப்போது விட்டதைப் பார்க்கலாம். ரசிகர்கள் கைமாற்றிக்கொண்ட பதிவுகளில் இவை கிடைக்கும். 'ஈஸ்டர்' 1989-இல் வந்த மாரில்லியன் பாட்டு. அதைப் பாடிய ஹோகார்த்தே பாடுகிறார், கிட்டார் வாசித்த ராத்தரியே பக்கத்தில் இருக்கிறார். அப்புறம் இது எப்படிக் கவர்? ட்ரீம் தியேட்டர் இங்கே பக்கவாத்தியம். பக்கவாத்தியம் வாசிக்கத் தெரிந்த குழு என்று அன்றுதான் காட்டினார்கள். எதையும் திணிக்காமல் வாசிக்கும் ட்ரீம் தியேட்டரை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம் சொல்லுங்கள்!

கிரீன்வே வந்து மெட்டாலிகாவின் 'டேமேஜ், இன்க்.' பாடியது இதற்கு நேர் எதிர். பாட்டு அவருடையதும் இல்லை, குழுவுடையதும் இல்லை. இரண்டு பேருமே வாடகை வீட்டில். அந்தத் தொண்டையின் உறுமலுக்கும் பின்னால் ஓடும் சுத்தமான கிட்டாருக்கும் பொருத்தமே இல்லை, அதுதான் ருசி. ஸ்டீவ் ஹவ் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்' வாசிக்க வந்தது வேறு ரகம். ஜான் பெட்ருச்சி யாரைக் கேட்டு வளர்ந்தாரோ அவரே பக்கத்தில்.

இன்னொரு விஷயம். பாடகர் ஜேம்ஸ் லப்ரி அதற்கு ஒரு மாதம் முன்புதான், 1994 டிசம்பர் கடைசியில், கியூபாவில் விடுமுறையில் உணவு விஷமாகி, வாந்தியெடுத்ததில் குரல்நாண் சேதமானவர். மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொல்லியும் சுற்றுப்பயணத்தைத் தொடர்ந்தார். பல வருஷம் குரல் பழையபடி திரும்பவில்லை என்று பின்னால் அவரே பேட்டிகளில் சொன்னார். இது தெரிந்தபின் 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. அவர் குரலுக்கு அடுத்தவர் பாட்டைத் தூக்கும் சுமை, ஹோகார்த் வந்து வாங்கிக்கொண்ட சில நிமிடங்கள் இளைப்பாறல். இது என் வாசிப்பு மட்டும்தான்.

இதே குழு 2002-இல் மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' முழு ஆல்பத்தையும், 2005-இல் பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' முழுவதையும் மேடையில் வாசித்தது. அங்கே "அப்படியே இருக்கு" என்பதுதான் பாராட்டு. நம்ம ஊரிலும் மெல்லிசைக் குழுவை அளக்கும் கோல் அதுதான். பெங்களூரின் அகம் குழு தியாகராஜர் கிருதியை ராக் குழுவாக வாசிக்கும்போது யாரும் அதைக் கவர் என்று சொல்வதில்லை. அங்கே உருப்படியை எப்படி எடுத்தாள்கிறார்கள் என்றுதான் பேச்சு. பாரம்பரியம் என்றால் ஒரு கோல், ரேடியோவில் கேட்ட பாட்டு என்றால் இன்னொரு கோல். ரானி ஸ்காட்ஸில் அந்த ராத்திரி, விருந்தாளிகள் மேடையில் நின்றவரைக்கும், முதல் கோலால் அளக்கலாம்.

கேட்கப் போகிறவர்கள் 'ஈஸ்டர்'-இல் தொடங்குங்கள், அப்புறம் 'டேமேஜ், இன்க்.' மெட்லிக்கு நேரமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.