ஆடு மேய்ப்பவரும் அணு விஞ்ஞானியும்

பொதுமக்களுக்கு விஞ்ஞானம் தெரியாது. அதனால்தான் விஞ்ஞானிகள் சொல்வதை அவர்கள் நம்புவதில்லை. இப்படியொரு கருத்து படித்தவர்களிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டால் நம்பிக்கை தானே வந்துவிடும் என்றும் அவர்கள் எண்ணுகிறார்கள். இந்த எண்ணத்தை அசைத்துப் பார்த்த எழுத்துகளுள் முக்கியமானவை, பிரிட்டனில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் வின் எழுதிய இரு கட்டுரைகள். முதலாவது, 1992-இல் 'பப்ளிக் அண்டர்ஸ்டாண்டிங் ஆஃப் சயின்ஸ்' என்ற ஆய்விதழின் முதல் தொகுதியில் வந்தது. இரண்டாவது, 'ஆடுகள் அச்சமின்றி மேயலாமா?' என்று பொருள்படும் தலைப்புடன் 1996-இல் ஒரு தொகுப்பு நூலில் வெளியாயிற்று. வின் கேம்பிரிட்ஜில் பொருளறிவியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அதன் பின் சமூகவியலுக்கு வந்தவர். விஞ்ஞானத்தை வெளியே நின்று ஏசுபவர் அல்லர்.

இரு கட்டுரைகளுக்கும் அடிப்படையாக உள்ள நிகழ்ச்சியை முதலில் பார்ப்போம்.

1986 ஏப்ரல் 26 அன்று, அப்போது சோவியத் யூனியனில் இருந்த உக்ரேனின் செர்னோபில் அணு உலை வெடித்தது. அதிலிருந்து கிளம்பிய கதிரியக்க மேகம் மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு மேலே வந்தது. வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதியில் அந்த நாள்களில் கனமழை பெய்தது. மழையோடு சீசியம் என்ற தனிமத்தின் கதிரியக்க வகைகள் புல்லின் மேல் இறங்கின. நாட்டு மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து எதுவும் இல்லை என்று அரசு தரப்பில் அறிவித்தார்கள். ஆனால் ஜூன் 20 அன்று, கம்பிரியாவிலும் வட வேல்ஸிலும் செம்மறி ஆடுகளை இடம் மாற்றவும் வெட்டவும் அரசே தடை விதித்தது. தடை மூன்று வாரத்துக்குத்தான் என்றார்கள். ஜூலையில் அது காலவரையின்றி நீட்டிக்கப்பட்டது. கடைசிக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2012 ஜூன் 1 அன்று. மூன்று வாரம் இருபத்தாறு ஆண்டுகளாயிற்று!

இந்தத் தவறு எப்படி நேர்ந்தது? கணக்கில் பிழையில்லை. கணக்குக்கு அடியில் இருந்த மண்ணில்தான் பிழை. சீசியம் வேதியியல் இயல்பில் பொட்டாசியத்தின் உறவினர். களிமண்ணில் உள்ள சில கனிமங்கள் மெல்லிய ஏடுகளாக அடுக்கப்பட்டவை. அந்த ஏடுகளுக்கிடையே புகும் சீசியம் அங்கேயே சிறைப்பட்டுவிடும். வேர்களால் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. ஆட்டின் உடலுக்குள் போன சீசியமும் சுமார் மூன்று வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். எனவே பழைய புல் தீர்ந்து புதுப்புல் முளைத்தால் ஆடுகள் தாமே தூய்மையாகிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். சமவெளிக் களிமண்ணுக்கு இது சரி. கம்பிரியாவின் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களிலோ களி குறைவு. அங்கே இருப்பது பன்னெடுங்காலமாக மட்கிய செடிகொடிகள் நிறைந்த, புளிப்புத் தன்மையுள்ள கரிய மண். அதில் சீசியம் சிறைப்படாமல் திரியும். வேர் அதை உறிஞ்சும், புல்லை ஆடு தின்னும், சாணத்தோடு அது மண்ணுக்குத் திரும்பும், மறுபடி வேருக்கு வரும். சீசியம்-137-இன் அரை ஆயுளோ முப்பது ஆண்டு.

சரி, விஞ்ஞானிகள் தவறு செய்தார்கள், மக்கள் நம்பிக்கை இழந்தார்கள், இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். வின்னின் கட்டுரைகள் இங்கேதான் சுவையாகின்றன. தவறு நேர்ந்ததற்காக மட்டும் விவசாயிகள் கோபப்படவில்லை என்கிறார் அவர். வானிலையோடும் சந்தையோடும் போராடிப் பிழைப்பவர்களுக்கு, எதிர்பார்த்தது நடக்காமல் போவது பழகிப்போன சங்கதி. மூன்று வாரம் என்று அத்தனை உறுதியாகச் சொன்னதும், பின்னர் அது பொய்த்தபோது ஏதும் நடவாததுபோல் அடுத்த உறுதிமொழிக்குத் தாவியதும்தான் அவர்களை உறுத்தின.

மேலும், அவர்களால் சீசியத்தைச் சோதிக்க முடியாது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் சோதிக்க வந்தவர்களைச் சோதிக்க முடியும். அதைச் செய்தார்கள். ஆடுகளுக்கு வைக்கோல் போடலாம் என்று ஒரு நிபுணர் யோசனை சொன்னார். நம் ஊர் மாடுகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் குற்றம் தெரியாது. ஆனால் மலைப்புல் தின்று வளர்ந்த அந்த ஆடுகள் வைக்கோலைத் திரும்பியும் பார்க்கமாட்டா என்பது அங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆடுகளைக் கீழே பள்ளத்தாக்குப் புல்லில் நிறுத்தி வையுங்கள் என்றார்கள். அந்தப் புல் குளிர்காலத் தீவனத்துக்கு என்று வளர்ப்பது. கோடையிலேயே அதைத் தின்றுவிட்டால் குளிர்காலத்தில் என்ன செய்வது?

பென்டோனைட் என்ற களிக்கனிமத்தை நிலத்தில் தூவினால் சீசியம் கட்டுப்படுமா என்று ஒரு சோதனையும் நடந்தது. மலையில் வேலியடித்துப் பாத்திகள் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆடுகளை விட்டு அளந்து பார்ப்பது திட்டம். வேலியில்லா மலைகளில் திரிந்த ஆடுகளை இப்படி அடைத்தால் அவை மெலிந்துபோகும், அளவை எதுவும் சரிவராது என்று விவசாயிகள் சொன்னார்கள். யாரும் செவி கொடுக்கவில்லை. பின்னர் அந்தச் சோதனை சத்தமின்றிக் கைவிடப்பட்டது. கம்பிரியா மலைகளில் மேயும் ஹெர்ட்விக் போன்ற இன ஆடுகள், தன் தாய் மேய்ந்த எல்லை எதுவோ அதையே தம் எல்லையாகக் கொள்பவை என்பதைச் சேர்த்து நினைத்தால் அந்த எச்சரிக்கையின் பொருள் விளங்கும்.

அளவிடும் பணியையும் அவர்கள் கவனித்தார்கள். ஆட்டைப் பிடித்து நிறுத்திக் கதிர் எண்ணியை வைத்துப் பார்ப்பார்கள். கிலோவுக்கு 1000 பெக்கரல் என்ற வரம்பைத் தாண்டிய ஆடு தேறாது. தேறாத ஆடுகளையே மீண்டும் ஒருமுறை அளந்தபோது அவற்றுள் பல தேறிவிட்டதை ஒரு விவசாயி வின்னிடம் சொல்லியிருக்கிறார். அளவைகளில் ஏற்ற இறக்கம் இயல்பு என்பது ஆய்வுக்கூடத்தில் உள்ளவர்களுக்குத் தெரியும். ஆனால் அறிக்கையில் அச்சாகும் எண்ணுக்கு அந்த நடுக்கம் இருப்பதில்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவர் எதை நம்புவார்?

பழைய காயம் ஒன்றும் இருந்தது. 1957 அக்டோபரில் கம்பிரியாவின் கடற்கரையிலேயே உள்ள விண்ட்ஸ்கேல் அணு உலையில் தீப்பிடித்தது. சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பால் தடை செய்யப்பட்டுக் கொட்டப்பட்டது. விபத்தைப் பற்றிய முழு விசாரணை அறிக்கை 1988 வரை வெளியிடப்படவில்லை. விண்ட்ஸ்கேலுக்கு 1981-இல் செல்லாஃபீல்டு என்று பெயர் மாற்றினார்கள், நினைவுகளை மாற்றமுடியவில்லை. ஆகவே, இந்தச் சீசியம் செர்னோபிலிலிருந்து வந்ததா, பக்கத்து வீட்டிலிருந்து வந்ததா என்று விவசாயிகள் கேட்டார்கள். விஞ்ஞானிகளிடம் விடை இருந்தது. சீசியம்-134-இன் அரை ஆயுள் இரண்டே ஆண்டு. பழைய கழிவென்றால் அது மறைந்திருக்கும்; புதிதென்றால் 137-க்குப் பக்கத்தில் அதுவும் இருக்கும். இது மிக அழகான சான்று. ஆனால் முப்பது ஆண்டு மூடிவைத்த தரப்பிலிருந்து வந்ததால் அழகு எடுபடவில்லை. மலையில் இருந்த சீசியம் முழுவதும் செர்னோபிலுடையது அன்று, கணிசமான பங்கு பழையதே என்பதும் பிறகு தெரியவந்தது.

வின் கண்டவற்றுள் என்னை மிகவும் நிறுத்தியது வேறொன்று. விவசாயிகள் வெளியே எதிர்ப்புக் காட்டவில்லை. ஆணைக்குக் கீழ்ப்படிந்தார்கள், ஆடுகளை அளக்கக் கொடுத்தார்கள், வண்ணக் குறி பூசி விற்கச் சொன்னபோது பூசினார்கள். வேறு வழியில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர் இதை நம்பிக்கை என்றே கணக்கெழுதுவார். நம்பிக்கைக்கும் கதியின்மைக்கும் உள்ள இந்த வேற்றுமையை எந்தக் கருத்துக் கணிப்பும் பிடிப்பதில்லை. இந்த ஓர் இடத்துக்காகவே இக்கட்டுரைகளைப் படிக்கலாம்.

குறைகளும் உண்டு. விவசாயிகள் பேசும் அளவுக்கு விஞ்ஞானிகள் இதில் பேசுவதில்லை. அவசர காலத்தில், அமைச்சகத்தின் நெருக்கடிக்கிடையே, கையில் இருந்த சமவெளித் தரவுகளை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டியிருந்தவர்களின் நிலை தெளிவாகப் பதிவாகவில்லை. கரிய மண்ணில் சீசியம் திரியும் என்பதை நிலைநாட்டியதும் ஆடு மேய்த்த அனுபவம் அன்று, மண் வேதியியல்தான். படிப்பவர் இதை மறந்துவிடும் வகையில் வின்னின் எழுத்து ஒரு பக்கம் சாய்கிறது. ஹாரி காலின்ஸ், ராபர்ட் எவான்ஸ் ஆகிய இருவர் 2002-இல் எழுதிய கட்டுரையில் இன்னொரு நல்ல கேள்வியை எழுப்பினார்கள்: ஆட்டையும் மலையையும் இவ்வளவு அறிந்தவர்களைப் பாமரர் என்று ஏன் அழைக்க வேண்டும்? அவர்கள் தம் துறையின் நிபுணர்களே. எனவே இது நிபுணர்களுக்கும் மக்களுக்கும் நடந்த மோதல் அன்று, இரு வகை நிபுணர்கள் பேசிக்கொள்ளாத கதை என்றார்கள். வின் 2003-இல் காரமாகவே பதில் எழுதினார். எவர் எந்தத் துறையின் நிபுணர் என்பதல்ல, கேள்வியையே எவர் வகுக்கிறார் என்பதுதான் பிரச்சினை என்பது அவர் வாதத்தின் சாரம். என் மனம் பாதிக்கு மேல் காலின்ஸ் பக்கமே சாய்கிறது. வைக்கோல் விஷயத்தில் தேவைப்பட்டது பெரிய தத்துவம் அல்ல. ஓர் ஆட்டுக்காரரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நிபுணர்கள் மக்களுக்கு விளங்கும்படி பேசுவதில்லை என்று குறைகூறும் இக்கட்டுரைகளின் நடை, கற்றவர்களையே களைக்க வைக்கும். குறிப்பாக 1996 கட்டுரையின் முற்பகுதி ஐரோப்பியச் சமூகவியல் வாதங்களால் அடைபட்டுக் கிடக்கிறது. ஆங்கிலம் ஓரளவு அறிந்த வாசகர்கள் 1992 கட்டுரையை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. மலையும் ஆடும் அதில் சீக்கிரம் வந்துவிடுகின்றன.