ஒல்லாந்த ஓவியத்தில் இல்வாழ்க்கை

ஒல்லாந்தர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன கோட்டைகளும் தோம்புகளும் கறுவாப் பொதிகளுமே. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய அவ்வினத்தார், அதே நூற்றாண்டில் தம் தாயகத்திலே அடுக்களையையும் முற்றத்தையும் ஓவியத்துக்குரிய பொருளாக்கினர். சீர்திருத்தத் திருச்சபை தேவாலயங்களிற் படங்களை விலக்கியது. வாங்குவோர் நகர வணிகராயினர். புனிதர் வீற்றிருந்த இடத்திற் பணிப்பெண் வந்து நின்றாள்.

வெர்மீர் (1632–1675) வரைந்த ‘பால் வார்க்கும் பெண்’ அரை மீற்றரினும் சிறிய படம். சாளரத்தருகே ஒருத்தி மட்கலத்திற் பால் வார்க்கிறாள், வேறொன்றும் நிகழவில்லை. அவள் பின்னே முதலிற் சாடிகள் மாட்டும் சட்டமொன்றைத் தீட்டத் தொடங்கிய ஓவியர் பின்னர் அதனை மறைத்துவிட்டார் என்பது 2022இல் வெளியான ஆய்வால் தெரிந்தது. வெறுஞ்சுவரே போதும் என்று துணிந்தமையிலேதான் இப்படத்தின் உயிர் உளது.

குறுந்தொகை 167ஆம் பாட்டிற் கூடலூர் கிழார் காட்டும் இளமனையாளை இவளருகே நிறுத்திப் பார்த்தல் தகும். தயிர் பிசைந்த விரலை உடையிலே துடைத்து, தாளிப்புப் புகை கண்ணிற் படியச் சமைக்கிறாள் அவள். கணவன் சுவைத்துண்ண, அவள் முகத்தில் மெல்லிய மலர்ச்சி தோன்றுகிறது. அதனைச் செவிலி கண்டுவந்து நற்றாய்க்கு உரைக்கிறாள். அங்கே உழைப்பு, பிறர் சுவைத்த பின்னரே நிறைவுறுகிறது. வெர்மீரின் பெண்ணுக்கோ கணவனும் இல்லை, செவிலியும் இல்லை. இவ்வகையில் ஒல்லாந்த ஓவியன் நம் புலவனினும் ஒருபடி துணிந்தவன் என்பேன், பண்டிதர் பொறுத்தருள்க.

இத்தகைய படங்களில் அறவுரை மறைந்துள்ளது என எடி டி யொங் முதலிய அறிஞர் கொண்டனர். கண்டதை விவரித்தலே இக்கலையின் உயிர்நாடி என ஸ்வெற்லானா ஆல்பெர்ஸ் 1983இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். யான் ஸ்டீனின் குழப்பமிக்க வீடுகளுக்கு முதற்கொள்கை பொருந்தும். வெர்மீரிடத்தும் அதனை வலிந்து ஏற்றுதல், ஒவ்வோர் அடியிலும் உள்ளுறை தேடும் உரைகாரர் செயலையே ஒக்கும்.

பீற்றர் டி ஹூக்கின் ‘டெல்ப்ற் நகர் வீட்டு முற்றம்’ 1658 என ஆண்டு பொறிக்கப்பெற்றது. பணிப்பெண் சிறுமியின் கைபற்றி நிற்கிறாள். தரையிலே துடைப்பம் கிடக்கிறது. நடைவழியில் ஒருத்தி நமக்கு முதுகு காட்டித் தெருவை நோக்குகிறாள். அவ்வாண்டிலேதான் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. நெடுந்தீவுக்கும் டெல்ப்ற் என்றே பெயர் சூட்டினர். கீழைத்தேச வணிகக் கும்பனியின் கிளையொன்று அந்நகரில் இருந்தது. முற்றத்தின் அமைதியில் இச்செய்திகளின் சாயல் சிறிதும் இல்லை. இதனைக் குறையெனலாமா? எனலாம், ஆயினும் படம் பொய்யுரைக்கவில்லை, வாயிலுக்கு உட்பட்டதையே பேசுகிறது. தெருவை ஓவியர் ஒரு கீற்றளவே காட்டுகிறார். இக்கரையிலிருந்து நோக்குவோன் கண் அக்கீற்றிலேயே தங்கிவிடுகிறது.