மாறிப்போன வாக்கு

"நம்மகிட்ட ஒளிக்க என்ன இருக்கு? எழுதிக்கோங்க!" மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருபவரிடம் நம்மில் பலர் இப்படித்தான் சொல்கிறோம். 1940-இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரும் இதே வெள்ளை மனத்தோடு பதில் சொல்லியிருப்பார்கள். விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் என்று அந்நாட்டுச் சட்டமே உறுதி தந்திருந்தது.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 19-இல் அதிபர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். மறுமாதமே போர்க்கால அதிகாரச் சட்டம் அந்த ரகசியக் காப்பை நீக்கியது. சுமார் 1,20,000 பேர் முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டுக் குடிமக்கள்!

எந்தப் பகுதியில் எத்தனை ஜப்பானியர் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தது கணக்கெடுப்புத் துறை. "எண்ணிக்கைதான் கொடுத்தோம், பெயர் கொடுக்கவில்லை" என்பது அத்துறை நெடுங்காலம் சொல்லிவந்த சமாதானம். அது நிற்கவில்லை. ராணுவம் வட்டாரம் வட்டாரமாக அறிவிப்பு ஒட்டி மக்களை வெளியேற்றியது. அதற்குப் பெயர் எதுக்கு? எண்ணிக்கையே போதும். 2000-இல் துறைத் தலைவர் கென்னத் பிரூவிட் மன்னிப்புக் கேட்டார். ஆனால் பெயர்களும் போயிருந்தன. 1943 ஆகஸ்டில் நிதியமைச்சர் கேட்ட ஒரே வாரத்தில், வாஷிங்டன் பகுதியில் வாழ்ந்த 79 பேரின் விவரம் கைமாறியதை மார்கோ ஆண்டர்சன், வில்லியம் செல்ட்சர் ஆகிய ஆய்வாளர்கள் 2007-இல் ஆவணத்தோடு காட்டினார்கள்.

"சட்டப்படிதானே கொடுத்தாங்க?" என்று கேட்கலாம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. மக்கள் பழைய சட்டத்தை நம்பிப் பதில் சொன்னார்கள். அரசு தன் வாக்கைத் திரும்பப் பெற்றது. மக்களால் தங்கள் பதிலைத் திரும்பப் பெற முடியவில்லை.

இதனால் கணக்கெடுப்பே வேண்டாம் என்பதல்ல. வெளிமாநிலங்களில் தமிழர் எத்தனை பேர் என்று நாம் சொல்ல முடிவதே தாய்மொழி என்ற அந்த ஒரு கேள்வியால்தான். நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, இந்தப் பதிவேடுகளை யாரும் பார்வையிட உரிமையில்லை என்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். நல்ல காப்புகள்தான். ஆனாலும், ஒரு வாக்கின் பேரில் வாங்கிய விவரத்தைப் பின்னால் வரும் எந்தச் சட்டமும் வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்பதை நாம் அமைதிக் காலத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். போர் வந்த பிறகு கேட்டால் யார் காதில் விழும்?