லினக்ஸில் பென்டிரைவ்: செருகுவது சுலபம், பிடுங்குவதில்தான் வம்பு

லினக்ஸ் என்றாலே கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால்தான் பென்டிரைவ் திறக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உபுண்டு 24.04 போட்ட லேப்டாப்பில் 64 ஜிபி டிரைவ் ஒன்றைச் செருகினால், ஃபைல் மேனேஜரின் இடப்பக்கம் அதன் பெயர் தானாக வந்து நிற்கிறது. மவுண்ட் செய்யும் வேலையைப் பின்னணியில் யுடிஸ்க்ஸ் பார்த்துக்கொள்கிறது. விண்டோஸுக்கு இதில் எந்த விதத்திலும் குறைவில்லை.

தானாக வராதபோதுதான் டெர்மினல் பக்கம் போக வேண்டும். எல்எஸ்பிஎல்கே என்று தட்டினால் எஸ்டிஏ, எஸ்டிபி எனக் கணினியில் உள்ள டிஸ்க்குகள் எல்லாம் தெரியும். பெயரை நம்பாமல் அளவைப் பார்ப்பது நல்லது. 1024-இன் கணக்கில் காட்டுவதால் 64 ஜிபி டிரைவ் அங்கே 60-க்குக் கீழேதான் இருக்கும்; கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஃபார்மட் செய்வதாக இருந்தால் பெயரை இன்னொரு முறை சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறினால் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கே காலி.

எந்த ஃபார்மட்? ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. ஈஎக்ஸ்டி4 லினக்ஸுக்கு அருமையானது, ஆனால் பக்கத்து வீட்டு விண்டோஸ் அதைத் தானாகப் படிக்காது. என் ஓட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு. 2019-இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு கெர்னலிலேயே ஆதரவு வந்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல்: சுடோ போட்டு நாமே மவுண்ட் செய்தால் டிரைவ் முழுக்க ரூட் பெயருக்குப் போய்விடும், நம்மால் ஒரு கோப்பைக்கூட எழுத முடியாது. உரிமையாளர் விவரத்தை எக்ஸ்ஃபேட் சேமிப்பதே இல்லை என்பதால் சிஎச்மோட், சிஎச்ஓன் எதுவும் எடுபடாது. மவுண்ட் கட்டளையிலேயே மைனஸ் ஓ சேர்த்து யுஐடி=1000 என்று கொடுத்துவிட வேண்டும். வீட்டுக் கணினியில் முதல் பயனரின் எண் பெரும்பாலும் அதுதான்.

உண்மையான வம்பு கழற்றும்போது வருகிறது. பெரிய படம் ஒன்றைக் காப்பி செய்தால் பச்சைக்கோடு சட்டென்று ஓடி முடிந்துவிடும். ஆனால் தரவு அப்போது போய்ச் சேர்ந்திருப்பது ரேமில். மலிவான பென்டிரைவுக்கு அது மெதுவாகத்தான் இறங்கும். எஜெக்ட்டை அழுத்தியதும் இன்னும் எழுதிக்கொண்டிருப்பதாக ஓர் அறிவிப்பு வருவது அதனால்தான். முடிந்த மாதிரி காட்டிவிட்டுப் பிறகு காக்க வைப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. அவசரப்பட்டுப் பிடுங்கினால் மிஞ்சுவது அரைக் கோப்பு. டெர்மினலில் இருப்பவர்கள் சிங்க் கொடுத்து, அது முடிந்ததும் யுமவுண்ட் செய்யலாம். 'டார்கெட் இஸ் பிஸி' என்று முரண்டு பிடித்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு டெர்மினல் அந்த டிரைவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதை மூடினால் போதும்.

கணினி தொடங்கும்போதே மவுண்ட் ஆகும்படி எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதிவைப்பது எப்போதும் செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டுமே தேவை. அங்கே எஸ்டிபி1 என்று எழுதாமல் யுயுஐடி கொடுங்கள், நோஃபெயிலும் சேருங்கள். நோஃபெயில் இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கணினியைப் போட்டால், ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும்.