பொன்னிறம் போதுமா? பிரேசில் நாட்டுக் கரும்புச் சாராயம் – ஒரு மதிப்பீடு

கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடிக்கும் சாராயத்தைப் பிரேசில் நாட்டினர் கஷாசா என்கின்றனர். அதற்குப் பிங்கா என்றொரு செல்லப் பெயரும் உண்டு. ‘துளி’ என்று பொருள். எலுமிச்சை, சர்க்கரை, பனிக்கட்டி ஆகியவற்றோடு கலந்து தரும் ‘கைப்பிரின்யா’ என்னும் பானத்தின் மூலமாகத்தான் வெளிநாட்டார் பலரும் இதை அறிந்தனர். அந்த அறிமுகம் கஷாசாவுக்கு நன்மை செய்தது என்று சொல்ல மாட்டேன். போதிய எலுமிச்சையும் சர்க்கரையும் இருந்தால் எந்த மட்டமான சாராயத்தையும் விழுங்கிவிடலாம். அடுத்தபடியாக, இதை ‘உயர்ந்த சரக்கு’ என்று காட்ட விரும்புவோர் விஸ்கியைப் போலப் பீப்பாயில் ஊறிப் பொன்னிறமானதை எடுத்து நீட்டுகின்றனர். முன்னதில் எலுமிச்சை பேசுகிறது. பின்னதில் மரம் பேசுகிறது. கரும்பு எங்கே பேசுகிறது? நிறமற்ற வெள்ளைக் கஷாசாவை வைத்தே இப்பானத்தை மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான காரணங்கள் பெரும்பாலும் வேதியியலில் இருக்கின்றன.

முதலில் இதையும் ரம் என்னும் சாராயத்தையும் பிரித்தறிய வேண்டும். ரம்மில் பெரும்பாலானவை சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து வருபவை. பாகு பலமுறை கொதித்தது. கஷாசாவோ ஆட்டிய பச்சைச் சாற்றிலிருந்து நேரே வருவது. கொதிக்காத சாற்றின் பச்சை மணத்தில் ஒரு பங்கு வடித்த பிறகும் தங்குகிறது. மார்ட்டினிக் தீவிலும் சாற்றிலிருந்தே ஒருவகை ரம் வடிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது வேறு மரபு. நெடுங்காலம் அமெரிக்க ஐக்கிய நாட்டில் கஷாசாவின் புட்டிமீது ‘பிரேசில் ரம்’ என்று எழுத வேண்டியிருந்தது. 2013-ஆம் ஆண்டில்தான் அந்நாடு இதனைப் பிரேசிலுக்கே உரிய தனிப்பொருளாக ஏற்றது. பிரேசில் சட்டத்தின்படி, கஷாசாவில் ஆல்கஹால் பரும அளவில் 38 முதல் 48 விழுக்காடு வரை இருக்க வேண்டும். அந்நாட்டில் வடித்ததாக இருக்க வேண்டும்.

இதன் வரலாறு கசப்பானது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த கரும்போடு ஆலைகளும், அவற்றில் மாண்ட அடிமைகளும் வந்தனர். ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கக் கொடுத்த பண்டங்களில் இச்சாராயமும் ஒன்று. தம் நாட்டு மதுவின் விற்பனை கெடுகிறதென்று போர்ச்சுக்கல் அரசு 1649-இல் இதைத் தடுத்தது. 1660–61-இல் ரியோ டி ஜெனிரோ வட்டாரத்தில் இதன்மேல் விதித்த வரியை எதிர்த்துக் கலகமே நடந்தது. தலைவர் ஜெரோனிமு பார்பாலியுவின் தலை வெட்டப்பட்டது. இன்று செப்டம்பர் 13-ஐக் கஷாசா நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த உற்சாகத்தில் அடிமைகளின் பங்கு அடிக்கடி மறந்துபோகிறது.

இனி அதன் ஆக்கத்தைப் பார்ப்போம். வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் ஆட்டிவிட வேண்டும். தாமதித்தால் நுண்ணுயிர்கள் சாற்றை முந்திக்கொண்டு கெடுக்கும். சாற்றைச் சக்கைத் துணுக்குகள் இல்லாமல் வடிகட்டி, இனிப்பு மிகுந்திருந்தால் நீர் சேர்த்து, தொட்டியில் விடுகிறார்கள். மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்துச் சிறு வடிப்பாளர்கள் பலர் கடையில் விற்கும் ஈஸ்ட்டை நாடுவதில்லை. சோளமாவு, அரிசித் தவிடு, கரும்புச்சாறு ஆகியவற்றைக் கலந்து சில நாள் வைத்து, கரும்பின் தோலோடு வந்த ஈஸ்ட் பெருகும்படி செய்கிறார்கள். அதுவே அந்தப் பருவம் முழுவதற்கும் உறை. தயிருக்கு உறைமோர் எடுத்துவைப்பது போலத் தொட்டியின் அடியில் தங்கும் உறைமேல் புதுச்சாற்றை ஊற்றிக்கொண்டே போகலாம். சுமார் 24 மணி நேரத்தில் சர்க்கரை தீர்ந்துவிடும்.

ஈஸ்ட் ஆல்கஹாலை மட்டும் உண்டாக்குவதில்லை என்பது சுவையை ஆராய்பவருக்கு முக்கியமான செய்தி. ஐசோஅமைல் அசெட்டேட் என்னும் எஸ்டர் வாழைப்பழத்தின் மணம் தரும். பினைல் எத்தில் ஆல்கஹாலில் ரோஜாவின் சாயல் இருக்கும். ஒரு தொட்டியின் உறை மற்றொரு தொட்டியைப் போல் இராது. ஆகவே ஓர் ஊரின் கஷாசா அடுத்த ஊரினதைப் போல் இராது. ஆனால் உறை கெட்டால் அசெட்டிக் அமிலம் மிகுந்து காடியின் நெடி வந்துவிடும். ‘இயற்கை உறை’ என்று எழுதியிருப்பதாலேயே ஒரு புட்டியைப் புகழ்வது பொருந்தாது.

புளித்த சாற்றைச் செம்பு வடிகலத்தில் ஊற்றிக் காய்ச்சுகிறார்கள். வருவதை மூன்றாகப் பிரிப்பது வழக்கம்: தலை, இதயம், வால். முதலில் வரும் தலையில் அசெட்டால்டிஹைடும் எத்தில் அசெட்டேட்டும் மிகுதி. நகப்பூச்சின் நெடி அடிக்கும். கடைசியில் வரும் வாலில் அமிலங்களும் கனத்த பொருள்களும் சேரும். நடுவில் வருவது, மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, இதயம். எந்தக் கணத்தில் வெட்டுவது என்பதில்தான் வடிப்பவரின் தேர்ச்சி இருக்கிறது. பேராசைக்காரர் தலையையும் வாலையும் இதயத்தோடு விட்டுவிடுவார். வெள்ளைக் கஷாசாவில் இது மூக்குக்கு உடனே தெரியும். பீப்பாயில் இரண்டு ஆண்டு வைத்தால் பாதி மறைந்துவிடும்.

செம்பு ஏன்? அது பழமையின்மேல் கொண்ட பற்று மட்டுமன்று. புளித்த சாற்றில் கந்தகச் சேர்மங்கள் சிறிது உண்டு. துருவுறா எஃகுக் கலத்தில் வடித்தபோது டைமெத்தில் சல்பைடு போன்றவை தங்கி நாற்றம் தருவதைப் பிரேசில் ஆய்வாளர்கள் கண்டனர். சூடான செம்பின் பரப்பு இந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் செம்புக்கு ஒரு விலை உண்டு. சும்மா இருக்கும் கலத்தில் களிம்பு ஏறும். புளி போட்டுச் செம்புப் பாத்திரம் தேய்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமிலமுள்ள ஆவி அக்களிம்பைக் கரைத்துச் சாராயத்தில் சேர்த்துவிடும். பிரேசில் சட்டம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் செம்பு வரை பொறுத்துக்கொள்கிறது. வேலை முடிந்ததும் கலத்தைக் கழுவுபவரும், முதல் காய்ச்சலை எலுமிச்சைச்சாறு கலந்த நீரோடு ஓட்டித் தூய்மை செய்பவரும் அந்த வரம்புக்குள் எளிதில் நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் பரவலான ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். ‘தலையை எடுத்து எறிந்துவிட்டால் மெத்தில் ஆல்கஹால் போய்விடும்’ என்று பலர் எழுதுகின்றனர். எத்தில் ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரி செல்சியஸ், மெத்தில் ஆல்கஹாலுக்கு 65 டிகிரி. ஆகவே பின்னது முதலில் ஓடிவிடும் என்பது அவர்கள் கணக்கு. தனித்தனிக் குப்பிகளில் இருக்கும்வரை இக்கணக்கு சரி. நீரும் இரு ஆல்கஹால்களும் கலந்த கலவையில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் மெத்தில் ஆல்கஹால் தலை, இதயம், வால் மூன்றிலும் பரவியே வருகிறது. நல்ல கஷாசாவில் அது குறைவாக இருப்பதற்குக் காரணம் வேறு. பெக்டின் என்னும் பொருள் சிதைவதால்தான் மெத்தில் ஆல்கஹால் பிறக்கிறது. கரும்புச் சாற்றில் பெக்டின் மிகக் குறைவு. சக்கைத் துணுக்குகளை வடிகட்டிவிட்டால் இன்னும் குறைவு.

மரத்துக்கு வருவோம். விஸ்கிக்குப் பெரும்பாலும் ஓக் மரம்தான் தெரியும். பிரேசிலிலோ காடு பெரிது. பீப்பாய்க்கும் தொட்டிக்கும் உள்நாட்டு மரங்கள் பல. அம்புரானா மரத்தில் கூமரின் இருப்பதால் காய்ந்த புல், வனிலா, லவங்கப்பட்டை ஆகியவற்றை நினைவூட்டும் இனிய மணம் வரும். பால்சமு மரம் மூலிகைக் காரமும் பசுமை கலந்த நிறமும் தரும். சலினாஸ் நகரத்துக் கஷாசாக்கள் பெயர் பெற்றது பெரிதும் இம்மரத்தால். ஜெக்கிட்டிபா, அமெந்தோயிம் போன்றவை நிறமும் மணமும் மிகக் குறைவாகவே தருகின்றன. ஆனாலும் சாராயத்தின் முரட்டுத்தனத்தை ஆற்றுகின்றன. மரத்தில் வைத்தும் வெண்மை மாறாத கஷாசா உண்டென்பதை இது காட்டும். என் மதிப்பீட்டில் பாராட்டத்தக்க மரங்கள் இந்த அடக்கமானவையே. அம்புரானா முதல் மடக்கில் மயக்குகிறது, மூன்றாம் மடக்கில் மிட்டாய்க்கடையில் உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிடுகிறது. ஓக்கில் பல ஆண்டுகள் வைத்த விலையுயர்ந்த புட்டிகளில் கரும்பைத் தேடிப் பார்த்தேன். நல்ல சாராயம் என்பேன், நல்ல கஷாசா என்று சொல்லத் தயக்கம்.

நிறத்தைப் பற்றிய சட்டமும் அறியத்தக்கது. ‘முதிர்ந்தது’ என்று எழுத, புட்டியில் உள்ளதில் பாதி மட்டும் 700 லிட்டருக்கு மேற்படாத மரக்கலத்தில் ஓராண்டு இருந்தால் போதும். முழுவதும் அப்படி இருந்தால் ‘பிரீமியம்’. முழுவதும் மூன்றாண்டு இருந்தால் ‘எக்ஸ்ட்ரா பிரீமியம்’. மரச்சீவலை ஊறவைத்து நிறமேற்றுவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. சர்க்கரை விதியோ தாராளமானது. லிட்டருக்கு 6 கிராம் வரை சேர்த்தாலும் அது வெறும் ‘கஷாசா’தான், அதற்கு மேல் போனால்தான் ‘இனிப்பூட்டியது’ என்று சொல்ல வேண்டும். ஆறு கிராம் சிறிய அளவாகத் தோன்றும். ஆனால் சாராயத்தின் எரிச்சலை மழுப்பி ‘மென்மையானது’ என்று நம்பவைக்க அது போதும். இந்தச் சலுகையை நான் குறையாகவே கருதுகிறேன்.

இனிச் சுவைக்கும் முறை. கிராமத்துக் கடைகளில் புட்டியைக் குலுக்கி, கழுத்தைச் சுற்றி மணிமாலைபோல் நிற்கும் குமிழிகளைப் பார்த்துத் தரம் சொல்வார்கள். குமிழி நிற்பது பெரும்பாலும் ஆல்கஹாலின் விகிதத்தையும் நீர்மத்தின் பரப்பு இழுவிசையையும் பொறுத்தது. தலையும் வாலும் கலந்ததா என்பதை அது சொல்லாது. குவளையின் உட்சுவரில் வழியும் ‘கண்ணீர்க்கோடு’களும் அப்படியே. மேலே ஏறிய படலத்திலிருந்து ஆல்கஹால் விரைவாக ஆவியாக, பரப்பு இழுவிசை மாறி நீர்மம் திரண்டு இறங்குகிறது. அழகான இயற்பியல் காட்சி, தரச்சான்று அன்று.

வாய் குறுகிய சிறு குவளையில் கொஞ்சம் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல், சற்றுத் தள்ளி வைத்து முகருங்கள். ஆல்கஹால் மூக்கைக் குத்தி மரக்கச் செய்தால் பிறகு எதுவும் தெரியாது. நகப்பூச்சு நெடி தலையைக் காட்டும். காடி நெடி உறை கெட்டதைக் காட்டும். வேர்வை நாற்றம் வாலைக் காட்டும். கருகல் இருந்தால் எரித்த வயலின் கரும்போ, கலத்தின் அடியில் தீய்ந்த ஈஸ்ட்டோ காரணமாகலாம். இவை இல்லாமல் வெட்டிய கரும்பும் பழமும் ஈரப்புல்லும் வந்தால் நம்பிக்கையோடு அடுத்த படிக்குப் போகலாம். ஒரு சிறு மடக்கை நாவில் பரப்பி, விழுங்கியபின் மூக்கு வழியே மூச்சு விடுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறும் மணமே. பிறகு சில துளி நீர் சேர்த்து மீண்டும் முகர்ந்தால், ஆல்கஹாலின் குத்தல் அடங்கி ஒளிந்திருந்தவை வெளிவரும். குற்றமுள்ள சாராயத்தில் குற்றமும் வெளிவரும்! காலிக் குவளையைச் சற்று நேரம் கழித்து முகர்வது என் விருப்பமான சோதனை. ஆல்கஹால் போனபின் எஞ்சும் மணம் வடிப்பவரின் கையெழுத்து.

ஆனால் வாங்குபவர் புட்டியைத் திறந்து முகர முடியாது. சீட்டைத்தான் படிக்க முடியும். விற்பனையாகும் கஷாசாவில் பெரும்பகுதி பெரிய ஆலைகளின் தொடர் வடிகோபுரங்களிலிருந்து வருவது. தலை, வால் என்று தொகுதி தொகுதியாக வெட்டும் முறை அங்கே இல்லை. கோபுரச் சரக்கு தீயது என்று நான் சொல்லவில்லை. ஒரே சீரானது, மலிவானது, கைப்பிரின்யாவுக்குப் போதுமானது. ஆனால் இரண்டு வேறு பொருள்களுக்கு நெடுங்காலம் ஒரே பெயர் இருந்தது. 2022 டிசம்பரில் வேளாண் அமைச்சகம் வெளியிட்ட விதியின்படி, செம்பு வடிகலத்தில் மட்டுமே வடித்ததற்கு ‘வடிகலக் கஷாசா’ என்று எழுதிக்கொள்ளலாம். எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கோபுரத்தில் வடித்தவர் ‘கோபுரம்’ என்று எழுதக் கட்டாயம் இல்லை. வாங்குபவர் சீட்டில் இல்லாத சொல்லைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பராட்டி (2007), சலினாஸ் (2012) போன்ற ஊர்களுக்குக் கிடைத்த புவிசார் குறியீடுகள் இவ்வகையில் கூடுதலாகப் பயன்படுகின்றன.

நாவுக்கு எட்டாதவை இன்னும் இருக்கின்றன. செம்பின் மிகுதியை நாக்கு கண்டுகொள்ளாது. கரும்புச் சாராயத்தில் உண்டாகும் எத்தில் கார்பமேட் என்னும் பொருளையும் கண்டுகொள்ளாது. புற்றுநோய் விளைவிக்கக்கூடியதென்று ஐயுறும் அப்பொருளுக்குப் பிரேசில் முதலில் லிட்டருக்கு 150 மைக்ரோகிராம் என்று வரம்பிட்டு, பின்னர் அதை 210 ஆகத் தளர்த்தியது. ஆல்கஹாலே புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் இருப்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஆகவே மேலே சொன்ன ‘சிறு மடக்கு’ என்பதில் ‘சிறு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். 2025 செப்டம்பர் முதல் சாவோ பாலோ மாநிலத்திலும் பிற இடங்களிலும் மெத்தில் ஆல்கஹால் கலந்த கள்ளச் சரக்கைப் பெயர்பெற்ற மது என்று நம்பிக் குடித்தவர்கள் பார்வை இழந்தனர், சிலர் உயிரிழந்தனர். மெத்தில் ஆல்கஹாலின் மணமும் சுவையும் எத்தில் ஆல்கஹாலினுடையவற்றைப் பெரிதும் ஒத்தவை. தேர்ந்த சுவைஞரின் மூக்கும் அங்கே ஏமாறும். அதைக் காட்டித்தரக்கூடியவை ஆய்வுக்கூடத்து வாயுப் பகுப்புக் கருவி போன்ற சோதனை முறைகளே. முத்திரையும் பதிவெண்ணும் இல்லாத புட்டியை, எவ்வளவு பொன்னிறமாக இருந்தாலும், முகர்ந்து பார்க்கக்கூட எடுக்க வேண்டாம்.