பதம் பார்த்து இறக்குவது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தின் பானையில் அந்தக் கணக்கு செல்லாது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டிரிக்ஸி பதிப்பில் ஏறத்தாழ 70,000 பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் பொதிகள். அத்தனையும் ஒரே நாளில் வெந்திருக்க வேண்டும். இந்தப் பானையை எப்போது இறக்குவது என்று அவர்கள் முடிவெடுக்கும் விதத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மென்பொருள் உலகில் இதைவிடத் தேர்ந்த கைப்பக்குவத்தை நான் கண்டதில்லை.

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய திட்டம் இது. நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்டால், ‘தயாரானதும் வரும்’ என்பதுதான் நெடுங்காலமாக அவர்கள் சொல்லும் பதில். மழுப்பல் போலத் தோன்றும். ஆனால் ‘தயார்’ என்ற சொல்லுக்கு அவர்கள் வகுத்திருக்கும் இலக்கணம் கறாரானது.

புதிதாக வரும் எதுவும் வழக்கமாக முதலில் சிட் என்ற கிளைக்குப் போகும். பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பாத்திரங்களின் பெயரை வைப்பது டெபியனின் வழக்கம். அந்தப் படத்தில் பொம்மைகளை உடைத்துப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன்தான் சிட்! புதிய பேக்கேஜ் சிட் கிளையில் சில நாள் கிடந்து, கடுமையான புது வழு (பிழை) எதையும் கொண்டுவரவில்லை, தன்னை நம்பியிருக்கும் மற்றவற்றை உடைக்கவில்லை என்று தெரிந்த பிறகே ‘டெஸ்டிங்’ கிளைக்கு நகரும். தரவை அழிக்கும் வழு, பேக்கேஜைப் பயனற்றதாக்கும் வழு போன்றவை வெளியீட்டையே தடுக்கும் தகுதி பெற்றவை. அப்படியொன்றை வைத்துக்கொண்டு கவனிப்பாரற்றுக் கிடக்கும் பேக்கேஜ், அடிப்படையான ஒன்றாக இல்லாவிட்டால், டெஸ்டிங்கிலிருந்து தானாகவே நீக்கப்படும். அரிசியில் கல் பொறுக்குவதைப் போல. வழுப்பட்டியலோ ஊரறியத் திறந்து கிடக்கிறது. குறைகளை மறைக்க மாட்டோம் என்பது 1997இல் ஏற்ற அவர்களுடைய சமூக ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

பிறகு வருகிறது உறைநிலை. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அடுப்பைப் படிப்படியாகத் தணிப்பார்கள். முதலில் பெரிய மாற்றங்களுக்குத் தடை, பிறகு சிறியவற்றுக்கும் கட்டுப்பாடு, கடைசியில் வெளியீட்டுக் குழுவின் கண் படாமல் எதுவும் உள்ளே போகாது. ஒருவர் இரண்டே வரி திருத்தியிருந்தாலும் விண்ணப்பம் எழுத வேண்டும். காரணம் என்ன, அனுமதிக்காவிட்டால் யாருக்கு என்ன பாதிப்பு, எப்படிச் சோதித்தீர்கள், என்ன ஆபத்து என்று படிவம் கேட்கும். பழையதற்கும் புதியதற்குமான வேறுபாட்டை வரிவரியாக இணைக்க வேண்டும். அதை இன்னொரு மனிதர் உட்கார்ந்து படிக்கிறார். தான் ஆசையாக எழுதிய புது வசதியை, ‘அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எடுத்து வைத்துவிட்டு, திருத்தத்தை மட்டும் கொண்டுவரும் நிரலாளர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

வழு எண்ணிக்கை சுழியமாகும் வரை காத்திருந்தால் எந்தப் பானையும் இறங்காது. அதனால் சில வழுக்களை, ‘இந்தப் பதிப்பில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்’ என்று குழு குறியிட்டு ஒதுக்குகிறது. எதைப் பொறுக்கலாம் என்று சொல்ல எந்த நிரலாலும் முடியாது. அனுபவம்தான் சொல்லும். லினக்ஸின் மையமான கெர்னலில் இதே முடிவை அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எடுக்கிறார். ஞாயிறுதோறும் ஒரு முன்பதிப்பு, வழக்கமாக ஏழாவதோடு நிறுத்தலாமா, எட்டாவது வேண்டுமா என்று பார்ப்பார். ஒருவர் கைப்பதம் அது. டெபியனில் அதைக் கூட்டாகச் செய்கிறார்கள். எனக்கு இதுவே அரிதாகப் படுகிறது.

இந்தப் பக்குவம் சும்மா வந்துவிடவில்லை. 2002இல் வுட்டி பதிப்பு வந்த பிறகு அடுத்ததான சார்ஜ் வர 2005 ஆகிவிட்டது. புது நிறுவி முடியவில்லை, பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கும் ஏற்பாடு முடியவில்லை என்று ஒவ்வொன்றாக இழுத்தது. 2009இல் ஒரு வழி கண்டார்கள். உறைநிலைக்கு மட்டும் முன்கூட்டியே காலம் குறிப்பது, வெளியீட்டு நாளைப் பதம் பார்த்து முடிவு செய்வது. நுட்பமான ஏற்பாடு. 2005 முதல் 2025 வரை இரண்டாண்டுக்கு ஒன்றாக, எல்லாப் பதிப்புகளும் ஒற்றைப்படை ஆண்டுகளில் வந்திருக்கின்றன.

பதிப்பு வெளிவந்த பிறகும் உறைநிலையின் கட்டுப்பாடு தொடர்கிறது. பாதுகாப்பு ஓட்டை ஏதாவது தெரியவந்தால், பெரும்பாலும் புதிய மென்பொருளைக் கொண்டுவந்து வைப்பதில்லை. அந்த ஒரு திருத்தத்தை மட்டும் பழையதற்குள் தைக்கிறார்கள். பதிப்பு எண் அப்படியே இருக்கும், வாலில் மட்டும் ‘டெப்13யு1’ என்பது போல ஒரு சிறு ஒட்டு. கணினியில் அப்டேட் ஓடும்போது அந்த வாலைத்தான் முதலில் தேடுவேன்.

வெளியீட்டை வழக்கமாகச் சனிக்கிழமையில் வைத்துக்கொள்கிறார்கள். அன்று நிறுவல் கோப்புகளைத் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளில் ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்துச் சரி என்று சொல்லச் சொல்லச் சோதனைப் பட்டியல் நிரம்பும். அந்த நிறுவியின் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. டிரிக்ஸி இறங்கியாயிற்று. சிட் கிளையில் மறுபடியும் புதியவை குவிகின்றன. அடுத்த பதிப்பின் பெயர் ஃபோர்கி.