மடிப்பில் இருக்கும் கூர்மை

ஹாமர்ஹெட் ரைபோசைம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் ஆர்.என்.ஏ. 1986-இல் அவகாடோ மரத்தைத் தாக்கும் வைராய்டு என்னும் வெறும் ஆர்.என்.ஏ. நோய்க்கிருமி ஒன்றிலும், புகையிலை வைரஸ் ஒன்றை அண்டிப் பெருகும் சிறிய ஆர்.என்.ஏ.விலும் இதைக் கண்டறிந்தார்கள். அவை பெருகும்போது பல பிரதிகள் ஒட்டிக்கொண்டு ஒரே நீள இழையாக வெளிவரும். அதை நறுக்கப் புரத நொதி எதுவும் வருவதில்லை. இழையே மடிந்து, உரிய இடத்தில் தன்னை அறுத்துக்கொள்கிறது.

அந்த அறுப்பின் நுட்பம் முழுவதும் கோணத்தில் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையில் டி.என்.ஏ.வுக்கு இல்லாத ஓர் ஆக்சிஜன், பக்கத்துப் பாஸ்பரஸைத் தாக்கக் காத்திருக்கிறது. தாக்கும் ஆக்சிஜன், பாஸ்பரஸ், விலகப்போகும் ஆக்சிஜன் மூன்றும் நேர்கோட்டில் நின்றால்தான் பிணைப்பு எளிதில் அறும். சாதாரண இரட்டைச் சுருளில் அந்த நேர்கோடு அமையாது. மூன்று இரட்டைச் சுருள் தண்டுகள் கூடும் ஹாமர்ஹெட்டின் நடுச்சந்தியில் அது அமைகிறது.

மெக்னீசியம் அயனிதான் வெட்டும் கத்தி என்று வெகுகாலம் நம்பினார்கள். லித்தியம் போன்ற ஒற்றை மின்னூட்ட அயனிகள் மிகுந்த அடர்த்தியில் இருந்தால், மெக்னீசியமே இல்லாமலும் வெட்டு நடக்கிறது என்று 1998-இல் தெரிந்தது. ஒன்றையொன்று விலக்கும் எதிர்மின் பாஸ்பேட்டுகளைத் தணித்து இழையை நெருங்கி மடியவிடுவதே அயனிகளின் முதல் உபகாரம்.

ஆனால் 1994, 1995-இல் வெளியான ஹாமர்ஹெட்டின் படிகப் படங்களில் அந்த அணுக்களின் நேர்கோடு இல்லை. தாக்கவேண்டிய ஆக்சிஜன் வேறு பக்கம் பார்த்து நின்றது. ஆய்வகத்தார் தேவையற்றவை என்று கத்தரித்துவிட்ட, தண்டுகளின் வெளிக் கண்ணிகளில்தான் (இழை வளைந்து உண்டாகும் வளையங்களில்தான்) விடை இருந்தது. சந்தியிலிருந்து தள்ளி இருக்கும் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டால், செல்லில் உள்ள சொற்ப மெக்னீசியமே போதும் என்று 2003-இல் இரண்டு குழுக்கள் காட்டின. 2006-இல் ஆய்வாளர்கள் மார்ட்டிக்கும் ஸ்காட்டும் ரத்தத் தட்டைப்புழுவிலும் காணப்படும் ஹாமர்ஹெட்டை முழுதாகப் படம்பிடித்தார்கள். அதில் மூன்று அணுக்களும் ஏறத்தாழ நேர்கோட்டில் நிற்கின்றன. புரோட்டானை வாங்கிக்கொள்ள ஒரு குவானைனும், கொடுக்க இன்னொரு குவானைனின் சர்க்கரையும் பக்கத்திலேயே தயாராக இருக்கின்றன. கண்ணிகளின் பிடியால் வெட்டு ஆயிரம் மடங்கு வரை விரைவுபெறுகிறது.

இதன் அழகு எனக்கு இந்தத் தொலைவுத் தொடர்பில்தான் இருக்கிறது. எங்கோ ஓரத்தில் இரு கண்ணிகள் பற்றிக்கொள்ள, நடுவே ஓர் ஆக்சிஜன் சரியான திசைக்குத் திரும்புகிறது. ஹாமர்ஹெட்டை ரசிப்பவர் வெட்டுப்படும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. முழு மடிப்பையும் பார்க்கவேண்டும்.